எங்கள் உடம்பு எந்தெந்த மின்காந்தக் கதிர்களை உணரும்? வைஃபை தெரியுமா?

ரவுட்டருக்குப் பக்கத்தில் படுத்தால் தலை இடிக்கிறது, உடம்பு அந்தக் கதிரை உணர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கதிரைப் பிடிக்கவென்றே எங்களிடம் இருக்கிற உறுப்பு கண்தான், அதுவும் சுமார் 380 இலிருந்து 750 நனோமீற்றர் வரைக்கும்தான் பிடிக்கும்.

மற்றதெல்லாம் சுற்றுவழி. யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதம் பொழுதுபட்ட பிறகு மதில் கட்டின ஒழுங்கையால் நடந்து பாருங்கள். பின்னேர வெயில் வாங்கின மதில் பக்கத்துக் கன்னம் மட்டும் வெக்கையாக இருக்கும், கிடுகு வேலி வந்ததும் அது போய்விடும். மதில் விடுகிற செந்நிறக்கீழ்க் கதிர்தான் அது (இந்தியத் தமிழில் அகச்சிவப்பு). ஆனால் தோலுக்கு அது கதிர் என்று தெரியாது. தோல் கொஞ்சம் சூடாகிறது, அந்தச் சூட்டைத்தான் நரம்பு சொல்கிறது, சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்தாலும் அதே சேதிதான். ரீவி ரிமோட்டில் வருவதும் அதே இனம், தோலைச் சுட அது காணாது, ஆனால் ஃபோனின் முன் கமராவால் பார்த்தால் பெரும்பாலும் ஊதாவாகச் சிமிட்டுவது தெரியும்.

ரவுட்டரின் அலையும் உடம்பில் பட்டால் சூடாகத்தான் மாறும், அது உணரவே முடியாத அளவு. சிக்னல் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லாமல் வைத்துச் சோதித்தால், தலை இடிக்கிறது என்பவர்களாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. தலையிடி பொய் என்று சொல்லவில்லை, காரணம் வேறு. ஒரு விசித்திரம் உண்டு: துடிப்புத் துடிப்பாக வரும் வலுவான நுண்ணலை காதில் 'டிக் டிக்' என்று கேட்கும், 1962 இல் அலன் ஃப்ரே என்பவர் இதைப் பற்றி எழுதினார். அங்கேயும் தலைக்குள் கணநேரம் ஏறும் துளிச் சூட்டில் இழையம் (திசு) விரிந்து எழுகிற அழுத்த அலையைத்தான் காது கேட்கிறது.

எனக்குப் பயம் கழியூதாவில்தான் (இந்தியத் தமிழில் புற ஊதா), படும்போது ஒன்றும் சொல்லாது. (எக்ஸ்றேயும் அப்படித்தான், எடுக்கும்போது குளிர்ந்த பலகை மட்டும்தான் தெரியும்.) பத்து வயதில், வீட்டு கேற் ஒட்டுவதை விடுப்புப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பி, பாராதை, அங்கால போ" என்று வெல்டிங் அண்ணா இரண்டு தரம் சொன்னார். பின்னேரம் கிரிக்கெட் விளையாடினேன், இரவு புட்டு சாப்பிட்டேன், ஒன்றுமில்லை. நடுச்சாமம் இரண்டு கண்ணுக்குள்ளும் மணல் அள்ளிப் போட்டது போல எழும்பிக் கத்தினேன். பகல் வெல்டிங் வெளிச்சத்தோடு வந்து பட்ட கழியூதாவில் செத்த கண்ணின் மேற்படலக் கலங்கள் அப்போதுதான் உரிந்து, அடியில் இருந்த நரம்பு வெளியே வந்திருக்கிறது. விடியும்வரை அம்மம்மா ஈரச்சீலையை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு, வெல்டிங் அண்ணாவைத்தான் பேசினார், பாவம் அவர்.