செயினை அடகு வைத்து பிஆர்பி ஊசி போடலாமா?

வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி, வயது 44. எட்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டீ கிளாஸைக்கூடத் தூக்க முடியவில்லை. இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டோம். ஒரு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். இப்போது அவருடைய ரத்தத்தையே எடுத்துப் பிரித்து பிஆர்பி ஊசியாகப் போட்டால் நரம்பு புதிதாக வளரும், மூன்று தடவை போடவேண்டும் என்கிறார்கள். என் செயினை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். போடலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: தங்கச்சி, செயின் இப்போதைக்குக் கழுத்திலேயே இருக்கட்டும்.

கெட்டிருப்பது நரம்பு இல்லை. தசை எலும்பில் போய்ப் பிடிக்கும் இடத்தில் கயிறு மாதிரி இருப்பது தசைநாண். முழங்கையின் வெளி எலும்பில் பிடித்திருக்கும் நாண்தான் மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துகிறது. ஈரக் கயிற்றை இறுக்கிப் பிடித்து வலை இழுக்கும்போதெல்லாம் பாரம் அதன்மேல்தான். டென்னிஸ் எல்போ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் அதோடு வருகிறவர்கள் வலை இழுப்பவர்கள், மீன் வெட்டும் அக்காமார், நாள் முழுக்கத் துணி பிழிகிறவர்கள். வலி நாட்பட்டால் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து நைந்துபோகும். தசைக்கு இருக்கும் ரத்த ஓட்டம் நாணுக்கு இல்லை. அதனால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் அமர்த்தும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அதைப் போட்டவர்களுக்குத்தான் வலி திரும்பி வருவது அதிகம் என்று 2013-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். மூன்றாவது ஊசி வேண்டாம்.

இப்போது பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் எடுத்து நைந்த இடத்தில் செலுத்துவார்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பது பிளேட்லெட். அதற்குள்ளே, பழுது பார்க்கும் செல்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. யோசனை நல்ல யோசனைதான். 2010-ல் நெதர்லாந்தில் 100 பேரிடம் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டபோது, ஒரு வருட முடிவில் பிஆர்பி முந்தியது. ஆனால் ஸ்டீராய்டே நாளடைவில் பின்தங்குகிற ஊசி, அதை முந்துவது பெரிய காரியமில்லை. மருந்தில்லாத உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2021-ம் வருட அறிக்கை, டென்னிஸ் எல்போவுக்கு பிஆர்பியால் சொல்லும்படியான பலன் இல்லை என்று முடித்தது.

நானே போட்டுக்கொண்டவள்தான். வருடக்கணக்காக மற்றவர்களின் முதுகையும் தோளையும் அழுத்தி அழுத்தி என் வலது முழங்கை கெட்டது. ஊசி போட்ட மூன்று நாள் தலை வாரக்கூட முடியவில்லை. நான்கு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நான்கு மாதமும் தவறாமல் பயிற்சி செய்தேன், கையால் அழுத்தும் வேலையைப் பாதியாகக் குறைத்தேன். இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் தானாகவே அடங்கக்கூடியதும்கூட. அதனால் ஊசிதான் என்னைக் குணப்படுத்தியது என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதைச் செய்யச் சொல்லுங்கள். மேஜையில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அந்தக் கையை மேலே தூக்கிவிட்டு, வலது கையின் பலத்தில் மட்டும் நான்கு எண்ணிக்கை வரை மெதுவாக இறக்கவேண்டும். 15 தடவை, அப்படி மூன்று சுற்று, தினமும், 12 வாரம். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள், பயிற்சியைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த நாளில் வலை பின்னுவதும் கைக்கு வேலைதான், இடையிடையே கையை ஓயவிடச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், கூடியிருந்தால் நாண் ஆறுவது தாமதமாகும். விரல்கள் மரத்துப்போனால் கோளாறு கழுத்தில்கூட இருக்கலாம், டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, கடன் வாங்காமல் பணமும் இருக்கிறது என்றால் பிஆர்பியைப் பற்றி யோசிக்கலாம். ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போடும் டாக்டராக இருக்கட்டும். மூன்று தடவை எதற்கு என்று நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று. கத்தி பட்டு நாண் அறுந்து விரல் மடங்காமல் போனால் இந்தப் பேச்சே கிடையாது. எண்ணெய் நீவுவதும் கட்டுப் போடுவதும் வேண்டாம், அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கை அறுவைச் சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது.

கேள்வி: வயது 19, வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறேன். மூன்று மாதமாகக் குதிகாலுக்கு மேலே வலி, காலையில் நொண்டுகிறேன். அடுத்த மாதம் டோர்னமென்ட். பிஆர்பி போட்டால் ஆட முடியுமா? ஊக்கமருந்தில் சேருமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, ஊக்கமருந்துப் பயம் வேண்டாம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2011-லேயே பிஆர்பியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அடுத்த மாதத்துக்குள் அது உன்னை ஓடவைக்காது. 2010-ல் நெதர்லாந்தில் 54 பேருக்கு, 2021-ல் பிரிட்டனில் 240 பேருக்கு இதே குதிகால் நாணில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு பிஆர்பி, மறு பாதிக்கு உப்புநீர் அல்லது வெறும் ஊசி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உன் வீட்டு மாடிப்படி போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எக்கி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலை இறக்கு. முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி அதே அளவு. காலை, மாலை, 12 வாரம். 1998-ல் ஸ்வீடனிலிருந்து வந்த முறை இது. இந்த டோர்னமென்ட்டை விட்டுக்கொடுக்கச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாண் அறுந்தால் ஒரு சீசனே போய்விடும். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல், அவை நாணைப் பலவீனப்படுத்தும்.

கேள்வி: டெங்குவில் குறைகிற பிளேட்லெட்தானா இது? பப்பாளி இலைச் சாறு குடித்தால் பிஆர்பி நன்றாக வேலை செய்யுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அதே பிளேட்லெட்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும், பிஆர்பிக்கு அதுவே போதும். சாறு தேவையில்லை. டெங்குவிலிருந்து தேறிக்கொண்டிருப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இதற்கு அவசரப்படக் கூடாது. ஊசி போட முடிவானால், முன்னால் ஒரு வாரமும் பின்னால் இரண்டு வாரமும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். வலித்தால் பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம்.