பதினான்கு லட்சத்துக்கு முன்னால் ஒரு பழைய லேப்டாப்

அம்மா, உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணன் ஒரு டீம்ட் யுனிவர்சிட்டியில் ‘ஏஐ அண்ட் சைபர் செக்யூரிட்டி’ பி.டெக். சீட் பேசி வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு 14 லட்சம், சனிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்பட்டிருக்கிறீர்கள். அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

14 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 வருஷத்துக்கு அடைத்தால் மாதம் சுமார் 18,500 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி. 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும். உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தத் தவணையை அவர் கட்டப்போவதில்லை.

ராத்திரியில் ரூட்டர் பக்கத்தைத் திறந்து வைத்து யார் போன் எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று பார்க்கிறாள், திட்டினாலும் எழுந்திருப்பதில்லை என்று கடைசியில் குறையாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியம். அவள் செய்வதற்குப் பெயர் நெட்வொர்க் மானிட்டரிங். வங்கிகள் இதற்கென்றே 24 மணி நேரக் கண்காணிப்பு மையம் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லிவிட்டது. இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை (யார் எப்போது எதனுடன் இணைந்தார்கள் என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. அந்த லாக்கைப் படிக்க ஆள் வேண்டும். ஆனால் நம் ஊரில் சைபர் செக்யூரிட்டி என்றாலே ‘ஹேக்கிங்’ கோர்ஸ்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டம் எதுவாகவும் இருக்கட்டும். அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி., பி.சி.ஏ., அல்லது கவுன்சலிங்கில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிற ஈ.சி.இ. ஆய்வகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், அதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம், அதன்மேல் ஸீக். 1995-இல் ‘ப்ரோ’ என்ற பெயரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் தொடங்கிய, நெட்வொர்க்கில் நடப்பதை லாக்காக எழுதிவைக்கும் இலவச மென்பொருள் இது. கூடவே போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் ஓடும் டிராஃபிக்கின் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும் வசதி) உள்ள 5 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. சாதாரண ஸ்விட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் (டேட்டாவின் சிறு துண்டு) போய்ச்சேர வேண்டிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்பும். அதில் லேப்டாப்பைச் சொருகினால் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட் சத்தம்தான் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு: ரூட்டரிலேயே வைஃபை இருந்தால் போன்களின் டிராஃபிக் ஸ்விட்ச் பக்கமே வராது. ரூட்டர் வைஃபையை அணைத்துவிட்டு, வைஃபை மட்டும் தரும் தனி அக்சஸ் பாயின்ட்டை ஸ்விட்ச் வழியாக இணைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ‘ஒண்ணுமே வரலையே’ என்று கைவிடுகிறார்கள்.

இணைப்பு லாக்கில் ஒரு வரி என்பது ஒரு உரையாடல்: யார், யாரிடம், எத்தனை விநாடி, எத்தனை பைட். நிலை ‘எஸ்எஃப்’ என்றால் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிந்தது. ‘எஸ்0’ என்றால் கதவைத் தட்டினார்கள், பதில் இல்லை. ஒரே கருவியிலிருந்து பல முகவரிகளுக்கு வரிசையாக எஸ்0 வந்தால் அந்தக் கருவி ஸ்கேன் செய்கிறது, அதாவது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தேடுகிறது, என்று சந்தேகப்படலாம். டேட்டா என்க்ரிப்ட் ஆகியிருந்தாலும் இந்த நேரமும் அளவும் மறைவதில்லை.

இனி ஏஐ. இரண்டு வாரம் லாக் சேர்த்து, பைத்தானில் ஐசொலேஷன் ஃபாரஸ்ட் (மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதைப் பிரித்துக் காட்டும்) மாடலை ஓட்டச் சொல்லுங்கள். அழைக்கும் இடைவெளி, அனுப்பும் அளவு போன்ற அம்சங்களைக் கொடுத்தால், அது முதலில் பிடித்துத் தருவது அநேகமாக உங்கள் வீட்டு சிசிடிவியாக இருக்கும்! பல கேமராக்கள் சீரான இடைவெளியில், சில நிமிஷத்துக்கு ஒருமுறைகூட, தங்கள் நிறுவனத்தின் கிளவுட் சர்வரை அழைக்கும். தீய மென்பொருளும் தன் எஜமானை அப்படித்தான் அழைக்கும். தாக்குபவர்கள் அதிகம் பயன்படுத்தும் கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற மென்பொருளின் இயல்பு இடைவெளியும் 60 விநாடிதான். 30 சதவீதம் ஜிட்டர் (இடைவெளியை ஒவ்வொரு முறையும் மாற்றிக் குறைக்கும் அமைப்பு) வைத்தால் அது 42-க்கும் 60-க்கும் நடுவே ஆடும். எனவே இடைவெளியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அனுப்பும் அளவு ஒரே மாதிரி இருக்கிறதா, அந்த முகவரியை ஒரே ஒரு கணினி மட்டும் அழைக்கிறதா, டொமைன் புதிதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரத்திலேயே ஒரு கருவி கெட்டுப்போயிருந்தால், மாடல் அதையும் ‘சகஜம்’ என்று கற்றுக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது.

கல்லூரி புராஜெக்ட்டுகளில் ‘99 சதவீதத் துல்லியம்’ என்று போஸ்டர் ஒட்டுவார்கள். பெரும்பாலும் சிஐசிஐடிஎஸ்-2017 என்ற கனடா டேட்டாசெட்டை (தாக்குதலும் சாதாரண இணைப்பும் கலந்த பதிவுத் தொகுப்பு) பயிற்சிக்கும் தேர்வுக்குமாகத் தாறுமாறாகக் குலுக்கிப் பிரித்திருப்பார்கள். ஒரே தாக்குதலின் துண்டுகள் பயிற்சியிலும் தேர்விலும் இருக்கும், ஐபி முகவரியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் மாடல் அதை மனப்பாடம் செய்துவிடும். நாள்வாரியாகப் பிரித்து ஓட்டினால் சாயம் வெளுக்கும். அந்த 99-ஐ நம்பினாலும், நாளுக்கு 10 லட்சம் இணைப்புள்ள அலுவலகத்தில் 1 சதவீதப் பிழை என்பது 10,000 பொய் அலாரம். ஒன்றுக்கு 5 நிமிஷம் என்றால் 8 மணி நேர ஷிப்டில் ஒருவர் 96 பார்ப்பார். அந்த 10,000-ஐப் பார்க்க நூறு பேருக்கு மேல் வேண்டும். இதைக் குறைக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

ஒன்றை மறைக்கமாட்டேன். கண்காணிப்பு மையத்தின் ஆரம்ப நிலையான எல்1 வேலையில், வரும் அலர்ட்டைத் திறந்து மூடும் பகுதியை ஏஐ வேகமாகத் தின்கிறது. அதை மட்டும் குறிவைத்துப் படிக்க வேண்டாம். அலாரத்துக்கான விதி எழுதுவது, மாடலைச் சீர்செய்வது என்று அடுத்த படியை இலக்காக வைக்கட்டும். நைட் ஷிப்டும் உண்டு. அது வேண்டுமா வேண்டாமா என்று அவளைக் கேளுங்கள், மாமாவை அல்ல.

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் செய்யட்டும். ஹாஸ்டலிலோ கல்லூரியிலோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவு வரை போகும். அதில் 3 வருஷம் வரை சிறை.

ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத்தளமான என்பிடெலில் நெட்வொர்க் பாடத்தை இலவசமாகக் கேட்கலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கடையில் ஸ்விட்ச் வாங்கும்போது பெட்டியில் ‘போர்ட் மிரரிங்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று அவளையே பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.