‘கெட்’ என்று எழுதினால் மார்க் குறையுமா? ரிசீவ், அப்டெய்ன், அக்வயர் எல்லாம் ஒன்றுதானே?

நீங்கள் நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். கோச்சிங்கில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். ‘கெட்’ என்ற சொல்லே கூடாது, அதற்கு நேராக உள்ள ஏழெட்டுச் சொற்களில் ஏதாவது ஒன்றைப் போடு என்று அதில் இருக்கும். அந்த ‘ஏதாவது ஒன்று’ என்பதில்தான் எனக்குக் கோபம். நான் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். தப்பு இருந்தால் பேராசிரியர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

நாம் சறுக்கும் இடம் இதுதான். தமிழில் ‘எனக்குப் பணம் கிடைத்தது’ என்றால் பணம்தான் எழுவாய். நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஐ காட்’ என்று ஆள் முன்னால் வந்துவிடுகிறான். வந்தவன் சும்மா கையை நீட்டினானா, அலைந்து வாங்கினானா, எடுத்துத் தனதாக்கிக்கொண்டானா என்பதை ‘காட்’ சொல்லாது. மற்ற சொற்கள் சொல்லும்.

அடுத்தவர் அனுப்பி நம் கைக்கு வந்தால் ரிசீவ்: கடிதம், சம்பளம், செய்தி. விண்ணப்பம் போட்டு, நடந்து, கையெழுத்து வாங்கி நாமே வரவழைத்தால் அப்டெய்ன்: பாஸ்போர்ட், அனுமதி, வில்லங்கச் சான்று. உங்கள் வேலையிலேயே பாருங்கள். நோயாளிக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏறினால் அவர் ரத்தத்தை ரிசீவ் செய்தார். அவரிடமிருந்து நீங்கள் ரத்த சாம்பிள் எடுத்தால், ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கினால், அது அப்டெய்ன். மாற்றி எழுதினால் வெள்ளைக்காரனுக்குப் புரியாமல் போகாது, ஆனால் நோயாளி ரத்த வங்கிக்கு நடந்துபோய் வாங்கி வந்ததுபோல இருக்கும்.

அக்வயர் என்றால் எங்கள் மாவட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். காரோட்டிலிருந்து வில்லுக்குறி வழியாக நான்கு வழிச்சாலை போட நிலம் எடுத்தார்களே, அந்த லேண்ட் அக்விசிஷன்தான். பொருள் இனி எடுத்தவனுடையது. ஒரு மொழியை, ஒரு பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக்கிக்கொள்வதற்கும் இதே சொல்தான்.

என் கதையும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. என் மாமாவின் பதினொரு சென்ட் நிலம் அதில் போனது. வீட்டின் முன்பக்கம், நான்கு தென்னை, ஒரு அயனிப்பிலா. அவர் அப்பா காலத்து மலையாளப் பத்திரத்தை நெகிழி உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி கடைக்கு வந்தார். பணம் வங்கியில் ஏறியிருந்தது, ஆனால் கணக்கிட்டது குறைவு, கூட்டிக் கேட்க வேண்டும். “மருமவனே, இங்கிலீஷில நல்லா அடி” என்றார். நல்லா அடி என்றதும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. என் ஆங்கில ஆசிரியர் ‘காட்’ வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போடுவார். ஆகவே ‘காட்’ போடாமல், கௌரவமாக இருக்கட்டும் என்று, ‘வீ ஹேவ் அக்செப்டட் தி அமௌண்ட்’ என்று அடித்தேன்.

பக்கத்தில் ரேஷன் கார்டு நகல் எடுக்க நின்ற ஒரு ரிட்டையர்டு கோர்ட் கிளார்க் அதை எட்டிப் பார்த்தார்.

“மக்கா, மாமாவுக்குப் பைசா கிட்டிச்சா, இல்ல இந்தப் பைசா போதும்னு மாமா சம்மதிச்சாரா?”

“கிட்டிச்சு அண்ணாச்சி. சம்மதிக்கல்ல.”

“பின்ன எதுக்கு அக்செப்ட்டுன்னு அடிச்ச?”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே ‘ரிசீவ்டு அண்டர் புரொட்டஸ்ட்’ என்று எழுதினார். வந்த பணத்தைக் கையில் வாங்கியிருக்கிறோம், ஆட்சேபத்தோடு. 1894ஆம் ஆண்டின் பழைய நிலமெடுப்புச் சட்டத்தில், ஆட்சேபம் சொல்லாமல் பணத்தை வாங்கியவர் கூட்டிக் கேட்க முடியாது என்றே இருந்தது. 2013 சட்டத்திலும் அது இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலம் 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தில் வருவது. அதில் 3ஜி(5) பிரிவு, நிர்ணயித்த தொகை ‘அக்செப்டபிள்’ இல்லையென்றால் நடுவரிடம் போகலாம் என்கிறது. எந்தச் சொல்லை வைத்து வழக்கே நிற்கிறதோ அதையே நான் எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு சொல்லால் கேஸ் தோற்றுப்போகும் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவுதான். மாமா மட்டும் ஒன்றும் புரியாமல், “இங்கிலீஷ் நல்லா வந்திருக்கா?” என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘கெட்’ கீழான சொல்லும் இல்லை. அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து, வைக்கிங்குகளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. மற்ற மூன்றும் லத்தீன் வேர். அதனால்தான் ஆபீசிலும் கோர்ட்டிலும் உட்கார்ந்திருக்கின்றன. நம்மிடமும் வீட்டில் ‘கிட்டிச்சு’, ரசீதில் ‘பெற்றுக்கொண்டேன்’. கொடுப்பதற்கே கேட்பவனின் தகுதி பார்த்து ஈ, தா, கொடு என்று மூன்று சொல் வைத்தது தொல்காப்பியம். அதை அரங்கேற்றக் கேட்ட அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று இங்கே எல்லோரும் உரிமை கொண்டாடுவோம். இல்லை என்பவர்கள் தனிக் கேள்வி போடுங்கள்.

‘கிட்டிச்சு’ என்றதும் இன்னொன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சென்னையில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது இந்தச் சொல்லுக்காகவே என்னை ‘சேட்டா’ என்று கூப்பிட்டார்கள். திருவனந்தபுரம் போனால் ‘பாண்டி’, அதாவது தமிழன். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தும் இந்தக் கதி. அதே சென்னைப் பத்திரிகைகள் ‘வெற்றி கிட்டியது’, ‘வாய்ப்புக் கிட்டியது’ என்று எழுதும்போது அது செந்தமிழ். நான் பஸ்ஸில் ‘சீட் கிட்டிச்சு’ என்றால் மலையாளம். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சரி, உங்கள் விஷயம். கடிதத்தில் முதலில் ‘கெட்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் யாருடைய கை வேலை செய்தது என்று பார்த்து மாற்றுங்கள். யாருடைய கையும் இல்லாத ‘கெட்’டும் உண்டு, அது ‘ஆகு’ என்ற பொருளில் வருவது. ‘காட் பெட்டர்’ என்றால் தேறிவிட்டார், ‘இம்ப்ரூவ்டு’ என்று எழுதலாம். போன வாரம் ஒரு பிள்ளை பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்த கடிதத்தில், நோயாளி மூன்றாம் நாள் ‘அப்டெய்ண்ட் பெட்டர்’ என்று இருந்தது. கோச்சிங் தாளைப் பார்த்துத்தான் மாற்றினாளாம்.