ட்ரிம் ஆயில் ஒழுகினால் யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அரியாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். 60 குதிரைத்திறன் யமஹா என்ஜின். ராத்திரி தூக்கி வைத்தால் காலையில் பாதி இறங்கிக் கிடக்கிறது. என்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டில் சிவப்பாக ஆயில் கசிகிறது. என்ஜினைத் தூக்கி இறக்கும் மோட்டார், பம்பு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்த ட்ரிம் யூனிட் போய்விட்டது, வேறு வாங்கித் தருகிறேன் என்கிறார் பார்ட்ஸ் வாங்கித் தரும் ஒருவர். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளியே ஆயில் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ரப்பர் சீல்தான் தேய்ந்திருக்கும்.

முதலில் பிராக்கெட்டின் பக்கவாட்டில் உள்ள மேனுவல் வால்வைப் பாருங்கள். கையால் என்ஜினைத் தூக்க யாராவது அதைத் தளர்த்தியிருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கம் திருப்பி, பதமாக இறுக்குங்கள். பல என்ஜின்கள் இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் சோப்புத் தண்ணீரில் யூனிட்டைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை எல்லா இடத்திலும் தூவுங்கள். என்ஜினை முழுதாகத் தூக்கி ஒரு ராத்திரி விடுங்கள். கீழே யாரும் போகக் கூடாது. காலையில் பவுடர் எங்கே சிவந்து ஊறியிருக்கிறதோ அங்கேதான் கசிவு. சிலிண்டரிலிருந்து ராடு (என்ஜினைத் தள்ளித் தூக்கும் தண்டு) வெளியே வரும் வாய், மோட்டாரும் பம்பும் சேரும் இடம், ஆயில் ஊற்றும் மூடி, அந்த மேனுவல் வால்வு, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ராடு வாயில் என்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ராடைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் உப்பு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலைக் கீறும். புது சீல் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி ஒழுகும். அப்போதும் மாற்ற வேண்டியது ராடைத்தான், யூனிட்டை அல்ல. எமெரி பேப்பரால் தேய்த்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே உள்ள குரோம் பூச்சு போய்விட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

ராடு வாய் சீலையோ ராடையோ மாற்ற சிலிண்டர் மூடியைக் கழற்ற வேண்டும். அதில் துளைகள் இருக்கும். அவற்றில் மாட்டும் முள் உள்ள ஸ்பேனர் அதற்கென்றே உண்டு. உளியும் சுத்தியலும் எடுக்கிற மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டாம், அலுமினியம் விரிசல் விட்டுவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும்.

இன்னொன்று, யூனிட்டைக் கழற்றி, பார்ட்ஸ் வாங்கித் தரும் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல பம்பைக் கொடுத்துவிட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய பம்பைக் காசு கொடுத்து வாங்கி வந்தார். கழற்றும்முன் போட்டோ எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கீறல் போடுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் சீல் கிட் (ரப்பர் வளையங்கள் மட்டும் உள்ள பாக்கெட்) கேட்டால் "கிட் இல்லை, யூனிட் இருக்கு" என்பார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து தேங்காய்த்திட்டு வரை இத்தனை என்ஜின் ஓடுகிற கரையில் நாலு ரப்பர் வளையத்துக்குச் சென்னைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. ஆனாலும் காத்திருங்கள்.

ஆயில் விஷயத்தில் பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மட்டும் ஊற்றுங்கள். என்ஜினை முழுதாகத் தூக்கி, தாங்கு லீவரைப் போட்டபின் மூடியை மெதுவாகத் திறங்கள். பழைய ஆயில் பால் டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மொத்தமாக மாற்றுங்கள். வாய் வரை நிரப்பி, மூடி, நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்று போனதும் மறுபடி நிரப்புங்கள்.

கடைசியில் மறுபடி பவுடர் தூவி, லீவர் போடாமல் என்ஜினைத் தூக்கி வைத்து, புரொப்பெல்லரிலிருந்து தரைக்கு டேப் பிடித்து அளவு எழுதுங்கள். காலையில் அளவு குறைந்து, பவுடரும் காய்ந்தே இருந்தால் கசிவு உள்ளே இருக்கிறது. அப்போது பம்பைப் பிரிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது.