விழுங்கும் கருந்துளை வெளியே வீசுவது எப்படி?

கேள்வி: கருந்துளைக்குள் போனது எதுவும் திரும்பி வராது என்கிறீர்கள். அதே கருந்துளை ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஜெட் (ஒடுங்கிய தாரையாகப் பாயும் பொருள்) பீய்ச்சுகிறது என்றும் எழுதுகிறீர்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். ஜெட்டில் வருவது உள்ளே போய்த் திரும்பிய பொருள் கிடையாது, வாசல் வரை வந்து நுழையாமல் திருப்பிவிடப்பட்ட பொருள். கருந்துளையும் ஒரு விண்மீனும் ஜோடியாகச் சுற்றும்போது, விண்மீனிடமிருந்து உருவப்படும் வாயு நேராகப் போய் விழுவதில்லை. அதற்குச் சுழற்சி இருக்கிறது, அதனால் தட்டாகப் பரவி, உராய்ந்து சூடேறி, மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. உள்விளிம்பில் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தொடும், எக்ஸ் கதிர் கொட்டும். வாயுவோடு கூடவே வந்த காந்தப்புலம் அங்கே கயிறு திரிப்பதுபோல முறுக்கேறி, கொஞ்சம் பொருளைத் தட்டின் இரு பக்கமும் தூக்கி வீசிவிடுகிறது. அதற்கான ஆற்றல் கருந்துளையின் சுழற்சியிலிருந்தே கிடைக்கும் என்று 1977-ல் பிளாண்ட்ஃபோர்ட், ஸ்னாயெக் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தட்டின் சுழற்சியே போதும் என்று 1982-ல் பிளாண்ட்ஃபோர்டும் பெய்னும் இன்னொரு வழி சொன்னார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கேள்வி: சரி, விழுவதற்கும் வீசுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? யாராவது பார்த்தார்களா?

பதில்: பார்த்தார்கள், அதுவும் ஒரே இரவில். கழுகு மண்டலத்தில் ஜிஆர்எஸ் 1915+105 என்று ஒரு ஜோடி இருக்கிறது. 1992-ல் கிரனாட் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது, அதில் உள்ள கருந்துளை சூரியனைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு எடை. 1994-ல் மிராபெல், ரோட்ரிகஸ் என்ற வானியலாளர்கள் அதன் ஜெட் ஒளியையும் மிஞ்சி ஓடுவதுபோலத் தோன்றுவதைப் பதிவு செய்தார்கள் (நம்மை நோக்கிச் சாய்ந்து மிக வேகமாக வருவதால் ஏற்படும் தோற்றம், நிஜ வேகம் ஒளிக்குக் கீழேதான்). ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1997 செப்டம்பர் 9-ஆம் தேதிப் பதிவு. ஒரு எக்ஸ் கதிர் செயற்கைக்கோள், ஹவாயில் ஓர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, நியூ மெக்சிகோவில் ரேடியோ ஆண்டெனா வரிசை, மூன்றும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் எக்ஸ் கதிர் சடாரென்று சரிந்தது: தட்டின் உள்பகுதி காலியாகிறது என்று அர்த்தம். பள்ளத்திலிருந்து ஒரு கூர்மையான எக்ஸ் கதிர் முள் எழுந்தது, அப்புறம் அகச்சிவப்பில் ஒரு வீச்சு, அது உச்சம் தொட்டுக் கால் மணி நேரம் போல ஆனதும் ரேடியோ உச்சம். வெளியே வீசப்பட்ட மேகம் விரிய விரிய அதன் ஒளி குட்டை அலையிலிருந்து நெட்டை அலைக்கு நகர்வதைத்தான் இந்த வரிசை காட்டுகிறது. தட்டு காலியாகிறது, ஜெட் கிளம்புகிறது, தட்டு மறுபடி நிரம்புகிறது. அந்தக் காலகட்டத்தில் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு தடவை இது நடந்துகொண்டிருந்தது.

மற்ற ஜோடிகளில் இதே கதை மாதக்கணக்கில் நடக்கும். தென்வானத்து ஜிஎக்ஸ் 339-4 நல்ல உதாரணம். ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர் மேலோங்கும் நிலையில் அதற்கு விடாமல் ஒரு சீரான ஜெட் உண்டு. எக்ஸ் கதிர் பத்து மடங்கு ஏறினால் ரேடியோ சுமார் ஐந்து மடங்கு ஏறும், இந்தக் கணக்கு வருடக்கணக்காக அப்படியே பிடிபட்டது. 1998-ல் தட்டு கருந்துளைக்கு மிக நெருக்கமாக இறங்கி, மென்மையான (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிரில் ஜொலிக்க ஆரம்பித்ததும் ரேடியோ 25-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நிறைய விழுந்தால் நிறைய வீசும் என்று எளிதாக முடித்துவிட முடியாது, தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும் அந்தச் சில நாட்களில்தான் பெரிய பெரிய உருண்டைகளாக வெளியேற்றம் நடக்கும். ஃபெண்டர், பெல்லோனி, கல்லோ என்ற வானியலாளர்கள் மூவரும் 2004-ல் இதையெல்லாம் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: எம்87 என்ற விண்மீன் திரளின் நடுவில் இருப்பது போன்ற ராட்சதக் கருந்துளைக்கே ஜெட் இருக்கும்போது இந்தச் சின்னவற்றை ஏன் ஆராய வேண்டும்?

பதில்: நமக்கு ஆயுள் போதாது, அதனால்தான். கருந்துளை எடை கூடினால் எல்லாமே அதே விகிதத்தில் மெதுவாகும். எம்87-ன் கருந்துளை எடை சூரியனைப்போல் 650 கோடி மடங்கு. ஜிஆர்எஸ் 1915+105 அரை மணியில் முடிக்கும் சுற்றை அங்கே பார்க்க, எளிய விகிதக் கணக்கில், 30 ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஜெட் வேண்டுமென்றால் கருந்துளை இருந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த எச்சம்) ஜோடிகளிலும் ஜெட் உண்டு, சிர்சினஸ் எக்ஸ்-1 அப்படி ஒன்று. எஸ்எஸ் சிக்னி என்ற வெள்ளைக் குறுமீன் (சூரியன் போன்ற விண்மீன் அணைந்தபின் மிஞ்சும் எச்சம்) ஜோடியில் வெடிப்பு தொடங்கும்போதே ரேடியோ வீச்சு கிளம்பியதையும் 2008-ல் வெளியான ஆய்வில் சொன்னார்கள், கருந்துளை ஜோடிகளில் எதிர்பார்க்கும் அதே கட்டத்தில். ஆகவே தட்டும் அதன் நிலைமாற்றமும்தான் பொதுவான அம்சம், நடுவில் உட்கார்ந்திருப்பது ஜெட்டின் வேகத்தையும் வலுவையும் கூட்டிக் குறைக்கிறது.