பீன்ஸ் செடியும் மூன்று பாடங்களும்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பிரெஞ்சு இமர்ஷன் (பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசாத பிள்ளைகள் மற்றப் பாடங்களையும் பிரெஞ்சில் படிக்கும் முறை) மூன்றாம் வகுப்பில் அறிவியல், கணிதம், பிரெஞ்சு மூன்றையும் இணைத்துத் தாவரங்கள் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். உற்சாகம் வந்தால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்காக அறிவியலில் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. வேர் தண்ணீரை உறிஞ்சும் என்று எந்த மொழியில் சொன்னாலும் பிள்ளைக்கு அறிவியல் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சில் சொல்ல வராததைப் பிரெஞ்சுப் பாட மதிப்பெண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரெஞ்சைப் பேச வைப்பது உங்கள் வேலை. பீன்ஸ் செடியை அளக்கும் நாளில் ‘என்னுடையதுதான் உயரம்’ என்று ஆங்கிலத்தில் கத்துவார்கள். அந்த வாக்கியத்தை பிரெஞ்சில் யாரும் கொடுக்கவில்லையே! ‘மா ப்ளான்த் எ ப்ளு ஓத்’ என்று முதலிலேயே பலகையில் எழுதி, எல்லாரையும் சொல்ல வைத்து, அப்புறம் ஸ்கேலைக் கையில் கொடுங்கள். ஆங்கிலம் வந்தால் திட்டாமல் அதையே பிரெஞ்சில் திருப்பிச் சொல்லுங்கள். அளந்த சென்டிமீட்டரைப் பட்டை வரைபடமாக்கினால் கணிதமும் வந்துவிடும்.

இணையத்தில் விற்கும் ‘ரெடிமேட்’ பாடத்தொகுப்புகளில் காசைக் கொட்டாதீர்கள். பல, ஆங்கிலத் தாள்களை இயந்திரத்தில் மொழிபெயர்த்தவை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ல’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்) கூடச் சரியாக இருக்காது. இன்னும் சில கியூபெக்கில் பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளுக்கு எழுதியவை. உங்கள் வகுப்புக்குப் பாதிகூடப் புரியாது. பணம் வாங்கிக்கொண்டு பாடத்திட்டம் எழுதித் தருபவர்கள் பக்கமே போகாதீர்கள். ஒரே திட்டத்தைப் பலருக்கு விற்பார்கள், மாட்டுவது நீங்கள்தான். அவர்களுக்குப் பிழைப்பு கொடுப்பதே பயிற்சிக் கல்லூரிகள் கேட்கும் கட்டம் கட்டமான பாடத்திட்டப் படிவங்கள்தான். அவற்றை வடிவமைத்தவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள் முன் கடைசியாக எப்போது நின்றார்களோ!

ஒன்றை மட்டும் கட்டாயம் விசாரியுங்கள்: உங்கள் வகுப்பில் கணிதம் எந்த மொழியில் நடக்கிறது? இமர்ஷனில் குறைந்தது பாதி நேரம் பிரெஞ்சில் நடக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மொத்தம் 3,800 மணி நேரமாவது பிரெஞ்சில் படித்திருக்க வேண்டும். எல்லாப் பாடமும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றில்லை. சில கல்விச் சபைகளில் (அந்தந்தப் பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) கணிதம் ஆங்கிலத்தில்தான், அதுவும் வேறு ஆசிரியரிடம். அப்படியானால் உங்கள் வரைபடம் அறிவியல் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே. அதற்குக் கணித மதிப்பெண் போட உங்களுக்கு உரிமையில்லை. கணித ஆசிரியர் வரைபடத்தை இன்னும் தொடங்கியிருக்காவிட்டால் அதையும் நீங்களே பிரெஞ்சில் முதலிலிருந்து கற்பிக்க நேரும். பாதி வாரம் அதிலேயே போய்விடும். அப்படிப்பட்ட வகுப்பில் செடியின் உயரத்தை ஒரு அட்டவணையில் எழுத வைத்தாலே போதும். எனவே திட்டம் எழுதுமுன் வழிகாட்டி ஆசிரியரிடம் வகுப்பின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

விதையைப் பாடம் தொடங்கும் முந்தைய வாரமே ஊன்றிவிடுங்கள். நாலைந்து கோப்பை அதிகமாகவே வையுங்கள், எல்லாம் முளைக்காது.