மகனின் கம்பனி பெற்றோருக்குப் பிணை நிற்கலாமா?
களுவாஞ்சிக்குடியில் இருக்கும் நீங்கள் இருவரும் 143 விசாவில் (பெற்றோருக்கான நிரந்தர விசா) அவுஸ்திரேலியா போக, மகன் வேலை செய்யும் கம்பனி பிணை நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம். தனி ஆட்களைப் போலவே நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இது சீட்டுக்குப் பிணைக் கையெழுத்துப் போடுவது மாதிரி இல்லை. பிணைக் காலம் 10 வருடம். அதற்குள் நீங்கள் குறிப்பிட்ட சில அரச உதவிப் பணங்களை எடுத்தால், அது கம்பனியின் கடனாகிவிடும். அதற்காக முதன்மை விண்ணப்பதாரருக்கு 10,000 அவுஸ்திரேலிய டொலர், மற்றவருக்கு 4,000 டொலர் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். நீங்கள் விசாவில் போய் இறங்கிய பிறகு கம்பனி விலக முடியாது, மகன் வேலையை விட்டாலும்கூட. எந்த முதலாளி சம்மதிப்பார், சொல்லுங்கள்!

வருமானம் போதுமென்றால் மகனே நிற்பதுதான் லேசு. போதாவிட்டால் மூன்று பேர் வரை சேர்ந்து நிற்கலாம்.